வீட்டுக்கு ஒரு குழாய்

"உங்க நகரத்துல ஜன்னலே கிடையாதா டீச்சர்?"

"இருக்கு. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்ல."

"எத்தனை மாடி?"

"நாற்பது."

"லிஃப்ட் உண்டா?"

"கதைக்கு எதுக்குங்க லிஃப்ட்?"

"நாற்பது மாடி நடந்து ஏறினா உங்க கதாநாயகன் மூணாவது அத்தியாயத்துலயே மாரடைப்பு வந்து போயிடுவான்லா. அப்புறம் தொடர்கதை எப்படித் தொடரும்?"

"சரி, ஒரு லிஃப்ட் வச்சுக்குங்க."

"தண்ணி?"

"தண்ணிக்கு என்ன?"

"எங்கேருந்து வரும்? எத்தனை வீட்டுக்கு ஒரு குழாய்? தெரிஞ்சாத்தானே வரைய முடியும்."

"ஐயோ, வீட்டுக்கு ஒரு குழாய்னு போட்டுக்குங்க. ஆளை விடுங்க!"

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் சிவகாமசுந்தரிக்கு அந்தப் பேச்சு ஒரு சொல் மாறாமல் நினைவிருந்தது. 1960ஆம் ஆண்டு, டன்லப் ஸ்திரீட்டில் பரமசிவத்தின் மாடியறை. அவள் எழுதிய கதைக்குப் படம் வரைய வந்திருந்த தங்கராஜு காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வீடு கட்டக் கொத்தனாரிடம் கணக்குக் கேட்பவனைப் போல இவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். கதை எழுதுகிறவளிடம் யாரும் அதுவரை தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டதில்லை. எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

அந்தப் பதிலால் தன் கதையே கவிழப் போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பரமசிவம் துறைமுகத்தில் குமாஸ்தா. 'புதுக்கரை' என்றொரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். அச்சுக்கூடத்துக்கு வசதி இல்லை. கதை, கட்டுரை, கவிதை எல்லாவற்றையும் அவரே முத்து முத்தாக எழுதி, ஊசி நூலால் தைத்து, ஒரே ஒரு பிரதி தயாரிப்பார். அந்த ஒரு பிரதி சிராங்கூன் ரோட்டைச் சுற்றி முப்பது வீடுகளுக்குக் கை மாறிப் போகும். ஒரு வீட்டில் இரண்டு நாள்தான் இருக்கலாம். கடைசியில் பத்துப் பக்கங்களை வெற்றாக விட்டிருப்பார். படித்தவர்கள் அதில் தங்கள் கருத்தை எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மாத இதழ் என்று பெயர். ஆண்டுக்கு ஆறு வந்தால் அதிகம்.

சிவகாமி அந்தப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதையின் பெயர் 'அடுக்கு நகரம்'. நூலகத்தில் அவள் தேடித் தேடிப் படித்த ஆங்கில நாவல்களில் வருங்கால நகரங்கள் பல வந்தன. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் தூங்குகிற நகரம், மனிதர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் இருக்கிற நகரம். அவற்றைப் படித்துவிட்டுக் கெர்போ ரோட்டில் தன் அறைக்குத் திரும்பும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பயம் வரும். ஊர் முழுக்க இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அவளும் அவள் அம்மா பூவம்மாவும் குடியிருந்தது பலகைத் தடுப்புகளால் பிரித்த ஒரு மாடியறையில். கீழே கடையும் மேலே வீடுமான அந்தக் கடைவீட்டில் மொத்தம் பதினொரு குடும்பங்கள். சிவகாமிக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அப்பா திடீரென இறந்தார். அவர் விழுந்த சத்தம் கேட்டுப் பலகைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். சுவர் கெட்டியாக இருந்திருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்துதான் கதை பிறந்தது. 'அடுக்கு நகர'த்தின் இரண்டாவது அத்தியாயத்தில், 1207 என்ற எண்ணுள்ள வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெண் செத்துக் கிடப்பாள். மூன்று நாள் யாருக்கும் தெரியாது.

அந்த அத்தியாயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். பூவம்மா பின்கட்டில் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். தோசை மாவு ஆட்டி வீடு வீடாகக் கொடுத்துத்தான் மகளைப் படிக்க வைத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவளுக்குப் படித்துக் காட்டாமல் எதையும் பரமசிவத்திடம் கொடுக்க சிவகாமிக்கு மனம் வராது.

"எப்படிம்மா இருக்கு?"

"ம்" என்றாள் பூவம்மா. குழவி இரண்டு சுற்று சுற்றியது. "அந்தக் குழாயில காலையிலயும் தண்ணி வருமா?"

"அம்மா! ஒரு பொம்பள அநாதையாச் செத்துக் கிடக்கா. நீ தண்ணி வருமான்னு கேக்குற!"

"சும்மா கேட்டேன்டி."

இதழ் முப்பது வீடு சுற்றித் திரும்பி வந்தது. பரமசிவம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைச் சிவகாமியின் கையில் கொடுத்தார். "நம்ம பத்திரிகை வரலாற்றிலேயே இவ்வளவு கருத்து வந்ததில்லம்மா" என்றார்.

அவள் கடைசிப் பக்கங்களைத் திருப்பினாள்.

'ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிப்பறையா? கதாசிரியை இதை நரகம் என்கிறார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நான் இருக்கும் வீட்டின் வாளிக் கக்கூஸை வந்து பார்த்துவிட்டு எழுதட்டும். அப்துல் அஜீஸ்.'

'கதவு எப்போதும் மூடியிருந்தால் மாமியார் எப்படி எட்டிப் பார்ப்பார்? சீக்கிரம் கட்டச் சொல்லுங்கள். பெயர் சொல்ல விரும்பாத மருமகள்.'

'கதாநாயகன் கிடக்கட்டும். இந்த வீட்டுக்கு எங்கே பதிய வேண்டும்? இராமசாமி.'

ஒரு பக்கம் முழுக்கத் தங்கராஜுவின் படத்தைப் பற்றியே எழுதியிருந்தார்கள். நாற்பது மாடிக் கட்டடத்தை அவன் இருட்டாகத்தான் வரைந்திருந்தான். ஆனால் கை பழகிய வேலை விடவில்லை. ஒரு வீட்டை மட்டும் வெட்டிக் காட்டியதைப் போல வரைந்து, அடுக்களையில் ஒரு குழாய், அதன் கீழே தொட்டி, பக்கத்தில் ஜன்னல் என்று அளவு பிசகாமல் போட்டிருந்தான். அந்தப் பக்கம் மஞ்சள் விரல் தடங்களால் அழுக்காகியிருந்தது. முப்பது வீட்டுப் பெண்களும் சமையலுக்கு நடுவே அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக, ஊதா நிறப் பென்சிலில், பெயரில்லாமல் நான்கு வரி இருந்தது.

'வீட்டுக்கு ஒரு குழாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காலையிலும் வருமா? கதவை உள்ளேயிருந்து தாழ் போடலாமா? மகளோடு வந்தால் அங்கே ஒரு தாய்க்கும் இடம் கொடுப்பார்களா?'

சிவகாமிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. படி இறங்கும்போது, கடைகளின் முன்னால் போகும் அஞ்சடி நடைவழியில் தங்கராஜு நின்றுகொண்டிருந்தான்.

"பாருங்க, உங்க குழாய் செஞ்ச வேலைய! நான் நரகத்தக் காட்டுறேன். எல்லாரும் அதுக்கு வரிசையில நின்னு இடம் கேக்குறாங்க."

"குழாய் உங்களோடது டீச்சர். நான் வரைஞ்சேன், அவ்வளவுதான்."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. என் ஆபீஸ்ல இதைச் சொன்னா எல்லாரும் உங்களுக்குக் கோப்பி வாங்கிக் குடுப்பாங்க."

அவன் வேலை பார்த்தது அரசாங்க வீடமைப்பு அலுவலகத்தில், வரைபடம் வரைபவனாக. பெரியவர்கள் தீர்மானிப்பதைக் கோடாக இழுப்பது அவன் வேலை. சிவகாமிக்கு அவன் ஒருமுறை சில படங்களைக் காட்டினான். வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் கற்பனையில் வரைந்தவை. பச்சைப் பசேலென்ற தோட்டத்தின் நடுவே வெள்ளை வெள்ளையாய்க் கோபுரங்கள், எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு வெயில், ஒரே அளவு காற்று.

"அழகா இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா ஒரு ஆளக் கூடக் காணோமே?"

"அதான் பாருங்க. இதுவும் கதைதான் டீச்சர். உங்க கதையில ஆளுங்க இருக்காங்க, பயந்துகிட்டு இருக்காங்க. இதுல மரம் இருக்கு, ஆளுங்க இல்ல. நான் ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் வரையறேன்."

அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். பொய்யில்லை என்று பிறகு தெரிந்தது. அவளுடைய இரண்டாவது அத்தியாயத்தை அவன் தனியே பிரதி எடுத்து வைத்திருந்தான். 1207ஆம் எண் வீட்டுப் பெண் செத்துக் கிடந்த வரிகளின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தான்: 'நடைபாதையில் போகிறவருக்கு இவள் ஜன்னல் தெரியுமா? கேட்க வேண்டும்.'

தன் எழுத்தை அப்படிப் படித்த ஒருவனை எந்தப் பெண்ணால் மறக்க முடியும்?

அடுத்த ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து எரிந்தது. கெர்போ ரோடு இருக்கும் தேக்காவிலிருந்தே புகை தெரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகு பல மாதங்கள் தங்கராஜுவைக் காண முடியவில்லை. பரமசிவம் படத்துக்கு ஆள் அனுப்பினால், "டீச்சரோட நகரம் காத்திருக்கட்டும், இங்கே ஆளுங்க காத்திருக்காங்க" என்று பதில் வரும். ஓர் ஆண்டுக்குள் அந்த மக்களுக்கெல்லாம் வீடு கிடைத்துவிட்டது என்று செய்தித்தாளில் படித்தபோது சிவகாமி அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கண் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் அவன் பத்திரிகை அறைக்குத் திரும்பி வந்த நாளில் அவனுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்க நகரத்துல அந்தக் கேள்விய யாரும் கேக்க மாட்டாங்களே டீச்சர்."

"இது என் நகரம் இல்லயே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் புதிய அடுக்குமாடி வீடுகள் எழுந்திருந்த குவீன்ஸ்டவுனுக்கு அழைத்துப் போனான். அவனோடு வேலை பார்க்கும் ஜோன் அங்கே ஏழாவது மாடியில் குடி வந்திருந்தார். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. இறங்கி ஒரு மாடி நடந்தார்கள். நீண்ட நடைபாதை. இரண்டு பிள்ளைகள் மூன்று சக்கர சைக்கிளில் காலை உரசிக்கொண்டு போனார்கள். மூங்கில் கழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணி, ஜோனின் மனைவி அன்னம்மாவைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்கு ஆள் வந்திருக்கு" என்று மலாயில் சொன்னாள்.

அன்னம்மா கோப்பி கலக்கினாள். சிவகாமி அனுமதி கேட்டு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். வரிசை இல்லை, வாளிச் சண்டை இல்லை, விடியுமுன் எழுந்து இடம் பிடிக்க வேண்டியதில்லை. ஏழு மாடி உயரத்தில், ஒரு சாதாரண மனுஷியின் கைக்கு எட்டும் இடத்தில் குழாய். இதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கைக்கு எவ்வளவு உயரம், தொட்டிக்கு எவ்வளவு ஆழம் என்று யாரோ ஒருவன் காதில் பென்சிலோடு கேட்டிருக்கிறான். அம்மாவின் தோள்பட்டை வலி நினைவுக்கு வந்து அவளுக்குக் கண் நிறைந்தது.

திரும்பும்போது நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு மூடியிருந்தது.

"அது யார் வீடு?"

"தெரியல" என்றான் தங்கராஜு. "ஜோனுக்கும் தெரியாது. நீங்க பயந்தது பொய்யில்ல டீச்சர். அதையும் எழுதுங்க. யாராவது எழுதினாத்தான் யாராவது போய்த் தட்டுவாங்க."

பேருந்தில் வரும்போது அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். வீட்டுக்கான விண்ணப்பம்.

"குடும்பத்தார் பேர் எழுத இடம் விட்டிருக்காங்க. முதல் வரியில என் பேரு. ரெண்டாவது வரிய பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். மையில எழுதலாமா?"

பென்சிலில் 'சிவகாமசுந்தரி' என்றிருந்தது. ஓரெழுத்துக் கூடச் சாயாமல், வரைபடத்தில் எழுதுவதைப் போல.

"எழுதலாம்" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "ஆனா அம்மாவை விட்டுட்டு வர மாட்டேன்."

"யார் விடச் சொன்னது? மூணாவது வரி காலியாத்தானே இருக்கு?"

அவனுக்கு அது அவ்வளவு சுலபமாக இருந்தது. பூவம்மாவுக்கு இல்லை.

"நல்ல பையன். கட்டிக்கோ" என்றாள் பூவம்மா. "ஆனா பொண்ணு குடுத்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன். மருமகன் சோத்துல உக்காந்துட்டாள்னு உங்கப்பா வகையறா பேசுறதுக்கா?"

"அவங்க யாரும்மா? அப்பா செத்தப்போ கூட எட்டிப் பார்க்கல."

"பேச மட்டும் வருவாங்க."

"அப்போ நீ இங்கே தனியா இருப்பே?"

"எனக்கென்ன? பத்துக் குடும்பம் இருக்கு. அப்புறம், ஆட்டுக்கல்ல எவன் மாடிக்குத் தூக்குறது? சீதனமா ஒரு கிரேனும் சேத்துக் குடுக்கவா?"

"அப்போ எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

"வேண்டாம்னா போ!"

இருவரும் அழுத்தக்காரிகள். ஓர் ஆண்டு அப்படியே போயிற்று. விண்ணப்பத்தாள் தங்கராஜுவின் சட்டைப் பையில் மடிப்பு மடிப்பாக நைந்தது. அவன் ஒரு முறை கூட அவசரப்படுத்தவில்லை. கெர்போ ரோட்டுக் கடைவீட்டிலிருந்து ஒவ்வொரு குடும்பமாகப் புதிய வீடுகளுக்கு வெளியேறத் தொடங்கியது. பதினொன்று எட்டாயிற்று, எட்டு ஐந்தாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாத அறைகள் கூடிக்கொண்டே போயின. தான் கற்பனை செய்த நகரம் புதிய கட்டடத்துக்கு முன்பே இந்தப் பழைய வீட்டுக்குள் வந்துவிட்டதோ என்று சிவகாமிக்குத் தோன்றியது.

1963இல் ஒரு நாள், சாகுல் ஹமீது கடைக்கு நோட்டு வாங்கப் போனாள். பத்திரிகையும் எழுதுபொருளும் விற்கிற சிறிய கடை. அவர் ஊருக்கு அனுப்ப வேண்டிய ஒரு பொட்டலத்தின் மேல் முகவரி எழுதிக்கொண்டிருந்தார். எச்சில் தொட்டால் ஊதாவாக மாறும் பென்சில். 'ழ'வின் வால் நீண்டு அடுத்த வரியைத் தொட்டது. சிவகாமி அந்த வாலை முன்பே பார்த்திருந்தாள்.

"பாய், குழாய் பத்தி எழுதினது நீங்களா?"

"மூணு வருசம் கழிச்சா கண்டுபிடிக்கிறே?" அவர் பென்சிலை வைத்தார். "எழுதினது நான். சொன்னது உங்கம்மா. பத்திரிகை என் முறைக்கு வந்தப்போ மாவுப் பாத்திரத்தோட வந்து நின்னு, ஒவ்வொரு வார்த்தையா சொல்லுச்சு. 'எம்மககிட்ட சொல்லிடாதீங்க பாய்'னு கேட்டுக்கிச்சு. நான் இன்னிக்கும் சொல்லல, தெரியும்லா? நீயாத்தான் கேட்டே."

மகளோடு வந்தால் அங்கே ஒரு தாய்க்கும் இடம் கொடுப்பார்களா?

மூன்று ஆண்டுகளாக அம்மா அந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு குழவி சுற்றியிருக்கிறாள். வாய் ஒன்று சொல்ல, மனசு ஒன்றைக் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னால் அம்மா ஒரேயடியாக மறுத்துவிடுவாள் என்று சிவகாமிக்குத் தெரியும். அம்மாவே கேட்க வேண்டும். கேட்பது கேவலமில்லை என்று அவளுக்குத் தோன்ற வேண்டும்.

தங்கராஜுவிடம் சொன்னாள். அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினான். பிறகு, "உங்கம்மா தண்ணி பிடிக்கப் போற நேரமா பார்த்து நான் ஒரு தடவ உங்க பின்கட்டுக்கு வரணும். அஞ்சு நிமிசம் போதும்" என்றான்.

"எதுக்கு?"

"அளவெடுக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல். பின்கட்டில் பூவம்மா உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். சிவகாமி கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து 'அடுக்கு நகர'த்தின் புதிய அத்தியாயத்தைப் படித்தாள். 1207ஆம் எண் வீட்டில் இப்போது ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். ஒரு மழை நாளில் ஓர் அம்மாள் படியேறி வந்து அந்தக் கதவின் முன் நிற்கிறாள். தட்டக் கையைத் தூக்குகிறாள். கதவு, அவள் தட்டுவதற்கு முன்பே திறக்கிறது.

சிவகாமி நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் பூவம்மா.

"அவ்வளவுதான்மா எழுதியிருக்கேன்."

"அந்தம்மா என்ன கேட்டா?"

"எனக்குத் தெரியலம்மா. அவங்களே சொன்னாத்தான் எழுத முடியும்."

குழவி மெதுவாகச் சுற்றியது.

அப்போது தங்கராஜு சுருட்டிய தாளோடு உள்ளே வந்தான். "வாங்க தம்பி" என்று பூவம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அவன் ஈரமில்லாத இடமாகப் பார்த்துத் தாளை விரித்து, நான்கு மூலையிலும் நான்கு செங்கல் துண்டுகளை வைத்தான். மூன்று அறை வீட்டின் வரைபடம்.

"இது கதவு. இது கூடம். இந்த அறை எங்களுக்கு. இது இன்னொரு அறை, காலைல வெயில் வரும். இதுதான் அடுக்களை."

பூவம்மா கையை முழங்கால் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். படிக்கத் தெரியாதவளுக்குக் கோடுகள் புரிந்தன. விரல் கதவில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, அடுக்களைக்குள் போய், குழாயில் ஒரு கணம் நின்றது. பிறகு அதன் பக்கத்தில் நகர்ந்தது.

"இது என்ன தம்பி, வட்டமா போட்டிருக்கீங்க?"

"உங்க ஆட்டுக்கல்லும்மா. குறுக்களவு ஒரு அடி ஒன்பது அங்குலம். நீங்க உக்காந்து கால் நீட்டவும் இடம் விட்டிருக்கேன்."

"கீழ்வீட்டுக்காரன் சத்தம் போட மாட்டானா?"

"கோணிப்பைய நாலா மடிச்சுக் கீழே போட்டா சத்தம் இறங்காது. ஜோன் வீட்டுல வச்சுப் பார்த்துட்டேன்."

"தூக்குறது?"

"லிஃப்ட் நிக்குற மாடியாவே விண்ணப்பத்துல கேட்டு எழுதியிருக்கேன். என் பேரும் டீச்சர் பேரும் இதுல இருக்கு." அவன் சட்டைப் பையிலிருந்து அந்த நைந்த விண்ணப்பத்தை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தான். சிவகாமி தன் அத்தியாயத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பூவம்மா மூன்றாவது வரியைப் பார்த்தாள். அது காலியாக இருப்பது எழுத்துத் தெரியாத கண்ணுக்கும் தெரிந்தது. மறுபடி அந்த வட்டத்தைப் பார்த்தாள். இருபது ஆண்டுகளாக அவள் உட்கார்ந்த இடத்தை ஒருவன் முழங்காலிட்டு அளந்து, அரசாங்கத் தாளில் வரைந்து கொண்டு வந்திருக்கிறான். பெண் கொடுத்த வீடு என்று யார் யாரோ சொன்ன வீட்டில், அவளுக்கென்று ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது.

மாவு காய்ந்த விரலை அவள் அந்தக் காலி வரியின் மேல் வைத்தாள்.

"தம்பி," என்றாள், மகளைப் பார்க்காமல். "என் பேரையும் இதுல எழுதுங்க. என்னையும் உங்களோட கூட்டிட்டுப் போங்க."